அந்தக் கஞ்சன்ஜங்கா மாமனார் வரைந்தது

நீல மூட்டத்துக்கு மேல் பனிமுகடுகள் மிதக்கும் கஞ்சன்ஜங்கா ஓவியம் ஒன்று, ‘நடிகை தேவிகா ராணியின் கணவர் வரைந்தது’ என்ற குறிப்புடன் சுற்றிவருகிறது. தவறு. வரைந்தவர் தேவிகா ராணியின் மாமனார், ரஷ்யக் குறியீட்டியல் (காட்சியின் வழியே உட்பொருளை உணர்த்தும் பாணி) ஓவியர் நிக்கோலஸ் ரோரிக். தேவிகா ராணி 1945இல் மணந்தது இவருடைய மகன் ஸ்வெத்தோஸ்லாவை. மகனும் இமயத்தை வரைந்தவர்தான். குழப்பம் அங்கேதான் முளைத்திருக்க வேண்டும்.

தந்தை 1928 முதல், 1947இல் இறக்கும்வரை, இமாச்சலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கிலுள்ள நக்கர் என்ற ஊரில் வாழ்ந்தார். அவர் விரும்பிக் கையாண்டது, நிறப்பொடியை முட்டைக் கரு போன்ற பசையில் குழைக்கும் டெம்பெரா வண்ணம். எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பு அதில் இராது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலைக்கு அடிவாரமே இல்லை! நீலம் அடுக்கடுக்காக வெளிறிக்கொண்டே போக, சிகரம் தரையில் ஊன்றாமல் நிற்கிறது. இதை வெறும் ‘இயற்கைக் காட்சி’ என்று கடந்துபோகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தமுண்டு. பகிர்ந்தவர்கள் பெயரையாவது திருத்திவிடலாம்.