அன்பளிப்பு என்று பெயர் வைத்தால் சரியா?

சென்ற கிழமை களுவாஞ்சிகுடியில் ஒரு கல்யாண வீடு. கனடாவிலிருந்து வந்திருந்த பெரியப்பா முறையான ஒருவர் பந்தியில் எனக்கு எதிரே இருந்தார். பணம் கொடுத்து வதிவுரிமை பெறும் அமெரிக்காவின் தங்க அட்டையைப் பற்றிப் பேச்சு வந்தது. “காசு இருக்கிறவன் கொடுக்கிறான், நாடு வாங்குகிறது. இதில் என்ன பிழை, மகள்?” என்று கேட்டார். பெரியவர், அதுவும் நல்ல காரியம் நடக்கும் வீடு. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஒரு கிழமையாக என்னைத் தூங்க விடவில்லை. பதிலை இங்கே எழுதுகிறேன்.

2025 செப்டெம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப் ஓர் ஆணையில் கையொப்பமிட்டார். அதன்படி அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்துக்குப் பத்து இலட்சம் டொலர் கொடுப்பவர் நிரந்தர வதிவுரிமை பெற வழி உண்டு. விண்ணப்பத்தைப் பார்ப்பதற்கே 15,000 டொலர் தனிக் கட்டணம். அந்தப் பத்து இலட்சம் டொலரை நம் காசில் கணக்குப் பார்த்தால் சுமார் முப்பது கோடி ரூபா. 1990 முதல் அங்கே இருக்கும் முதலீட்டு விசாவிலாவது பத்துப் பேருக்கு வேலை உண்டாக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. இதில் அதுவும் கிடையாது. கொடுக்கும் பணத்துக்கு ஆணை வைத்திருக்கும் பெயர் அன்பளிப்பு. அந்த அன்பளிப்பையே கொடுத்தவரின் தகுதிக்கும் திறமைக்கும் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஆணை சொல்கிறது. பணம் கட்டியதே திறமையாம். இந்த இடத்தில்தான் எனக்கு என் தம்பியின் முகம் வந்தது.

2012 ஐப்பசியில் அவன் அவுஸ்திரேலியாவுக்குப் படகேறினான். எனக்குச் சீதனமாக வைத்திருந்த படுவான்கரை வயலை ஈடு வைத்து, அம்மாவின் நகைகளை அடகு வைத்து, எட்டு இலட்சம் ரூபா தரகனிடம் கொடுத்தோம். அந்தத் தரகனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மீன்பிடிப் படகில் ஆட்களை அடுக்கி நடுக்கடலுக்கு அனுப்பியவன் அவன். தம்பி உயிரோடு அவுஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவில் இறங்கியது எங்கள் குலதெய்வத்தின் புண்ணியம். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், ஆகஸ்ட் 13 க்குப் பின் படகில் வருவோருக்கு இனி இரக்கம் இல்லை என்று அவுஸ்திரேலிய அரசு முடிவெடுத்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அதே அரசு இன்னொரு வாசலைத் திறந்தது. ஐம்பது இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் முதலீடு செய்பவருக்கான விசா அது. ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வயது எல்லை இல்லை. அந்த விசாவுக்கு 188 என்றும், பிறகு கிடைக்கும் நிரந்தர விசாவுக்கு 888 என்றும் இலக்கம். எட்டு சீனர்களுக்கு அதிர்ஷ்ட எண். வாடிக்கையாளர் யார் என்று அந்த அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

தம்பிக்கு முதலில் வேலை செய்யவே அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த நாளிலிருந்து மெல்பேர்ணுக்கு வெளியே ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு பிரிக்கிறான். வேலைக்குப் புறப்படும்போது அங்கே அதிகாலை, இங்கே நடுச்சாமம் நெருங்கும் நேரம். அப்போதுதான் எனக்கு அழைப்பான். கத்தி பிடித்துப் பிடித்து வலக்கையின் நடுவிரல் முழுதாக நிமிராது. தொலைபேசித் திரையில் அந்த விரல் எப்போதும் சற்று வளைந்தே தெரியும். ஒவ்வொரு சம்பளத்திலும் வரி கட்டுகிறான். இன்றும் தற்காலிக விசாதான். அதை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியேறினால் திரும்பிப் போக முடியாது.

2019 இல் அப்பா இறந்தார். கொள்ளி வைத்தது சித்தப்பாவின் மகன். பக்கத்து வீட்டுப் பையன் கைத்தொலைபேசியை உயரப் பிடித்தபடி சுடலை வரை நடந்தான். சுடலையில் சிக்னல் விட்டு விட்டு வந்தது. சிதை மூண்டதைத் தம்பி பார்த்தானா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பெரியப்பா, இவன் அந்த நாட்டுக்குக் கொடுத்தது என்ன கணக்கில் சேரும்? அவுஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணைக்குழுவே 2016 இல் அந்தப் பணக்கார விசாவை ஒழிக்கும்படி பரிந்துரைத்தது. நாட்டுக்கு அதனால் பெரிய நன்மை இல்லை என்று கண்டு 2024 இல் அரசும் அதை நிறுத்தியது. பிரித்தானியா தன் முதலீட்டாளர் விசாவை 2022 இல் மூடியது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் மூடியது. அதே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம், குடியுரிமையை விற்றுவந்த மால்டாவைப் பார்த்து, குடியுரிமை வணிகப் பொருள் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. நீங்கள் வாழும் கனடாவும் 2014 இல் தன் முதலீட்டாளர் திட்டத்தைக் கைவிட்டது. விற்றுப் பார்த்தவர்களே கடையை மூடிய பிறகு அமெரிக்கா இன்னும் பெரிதாகத் திறந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடியேறும் உரிமையை விற்கலாம் என்று சொன்ன பொருளியலாளர் கேரி பெக்கர் கூட, 50,000 டொலர் என்பதை உதாரணமாக எடுத்து, கையில் காசில்லாத உழைப்பாளிகள் கடன் பெற்று உழைத்துத் திருப்பிக் கட்டலாம் என்றார். அவருடைய கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அவர் கணக்கில் என் தம்பி போன்றவனுக்கு ஓர் இடம் இருந்தது. தங்க அட்டையில் அது இல்லை.

நம் நாடும் 2022 நெருக்கடியில் ஓர் இலட்சம் டொலர் வைப்பிலிடுபவருக்குப் பத்தாண்டு விசா என்று அறிவித்தது. தலைமுறைகளாகத் தேயிலை பறித்த மலையக மக்களின் குடியுரிமையை 1948 இல் பறித்த நாடு இது. கடைசியாக எஞ்சியிருந்தவர்களுக்கு அது கிடைக்க 2003 ஆனது. இதைச் சொல்லாமல் மற்ற நாடுகளை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

2023 இல், தம்பியைப் போலவே நிரந்தர விசா இல்லாமல் இருந்த ஈரானிய, தமிழ்ப் பெண்கள் 22 பேர் மெல்பேர்ணிலிருந்து கன்பரா நாடாளுமன்றம் வரை 640 கிலோமீற்றர் நடந்தார்கள். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்களின் படத்தை அம்மா சாமி அறையில் ஒட்டி வைத்திருக்கிறார்.

அவுஸ்திரேலியாவில் குடியுரிமையோடு இருக்கும் நம் உறவுகளே, உங்களிடம் வாக்கு இருக்கிறது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பத்தாண்டுக்கு மேல் வரி கட்டியவர்களை எதற்காக இன்னும் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். எழுத நேரமில்லை என்றால் எனக்குத் தகவல் அனுப்புங்கள். தம்பியும் நானும் சேர்ந்து எழுதிய ஒரு பக்கக் கடிதம் இருக்கிறது. தருகிறேன். பெயரும் முகவரியும் போட்டு அனுப்பினால் போதும்.