மாத்திரைக்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்

இரத்தசோகையைப் போக்க முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் போதும் என்று கூறும் உங்கள் கட்டுரையின் கருத்தை, நீண்டநாள் இரத்தசோகையைப் பொறுத்தவரை ஏற்க இயலவில்லை. என் தாயாருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8 கிராமைத் தாண்டாமலிருந்த ஆண்டுகளில் இரும்புச்சத்து மாத்திரை மட்டுமே தரப்பட்டது. பின்னர் எண்டோஸ்கோப்பி (குழாய்க் கேமராவை உள்ளே செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) செய்தபோதுதான், மூட்டுவலிக்காக அவர் விடாமல் விழுங்கிய வலிநிவாரணிகளால் இரைப்பையில் புண் ஏற்பட்டு இரத்தம் கசிந்துகொண்டிருந்தது தெரிந்தது. அதிக மாதவிடாய்ப் போக்கு, கொக்கிப்புழு, சிறுநீரக நோய், பி12 குறைபாடு எனக் காரணங்கள் பல இருப்பதால், ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் புரதம்) அளவையும் பார்த்துக் காரணத்தைக் கண்டறிவதே முதல் சிகிச்சை. மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினால் (அம்மாவும் அப்படித்தான் செய்தார்) இரும்பு உறிஞ்சப்படுவது குறையும் என்பதையும், ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்த பிறகும் உடலின் இரும்பு இருப்பு நிரம்புவதற்காக ஏறத்தாழ 3 மாதங்கள் மருத்துவர் சொற்படி மாத்திரையைத் தொடர வேண்டும் என்பதையும் கட்டுரையில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.