குழுக் கடன் வாங்கும் முன் அக்காவின் லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம்

2025 ஜூன் மாதம் எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை செய்பவர். டியூஷன் சென்டர்களுக்கு வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், யாருக்காவது ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டுமென்றால் அதுவும். "தம்பி, மகளிர் குழுவுல 35,000 கடன் கேட்டிருக்கேன். எந்த லேப்டாப் வாங்கலாம்னு சொல்லுப்பா" என்றார். இருப்பதற்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். "ஆன் பண்ணிட்டுப் போய் உலை வெச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. கடையில காட்டினேன். பழசாயிடுச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க."

பழசாயிடுச்சு என்ற இந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். அக்காவின் லேப்டாப் 2017-இல் வாங்கியது. அன்று ஒரு நொடியில் எத்தனை கணக்குப் போட்டதோ, கணக்குப் போடும் அந்தச் சிப், அதாவது பிராசஸர், இன்றும் ஒரு நொடியில் அத்தனை போடுகிறது. விண்டோஸ் கனத்துவிட்டது, பிரவுசர் கனத்துவிட்டது, ஒவ்வொரு இணையதளமும் கனத்துவிட்டது. அந்தச் சுமை எந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தால் வழி தெரியும். பார்க்காமலேயே ஒரு குடும்பத்தை 35,000 ரூபாய் கடனுக்குள் தள்ளுவது தப்பு. எங்கே முட்டுகிறது என்பதை அந்த மெஷினே திரையில் காட்டும். அதைப் பார்க்கக் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை.

அக்கா வீட்டுக்குப் போனேன். லேப்டாப்பை ஆன் செய்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீயையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். மெஷினில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் வந்தது. விண்டோஸ் 10-இல் முதல் தடவை சின்னப் பெட்டியாகத்தான் வரும். கீழே மோர் டீடெய்ல்ஸ் என்று இருப்பதை அழுத்தினால் முழுதாக விரியும். மேலே வரிசையாக சிபியு (பிராசஸர்தான்), மெமரி (ராம்), டிஸ்க், நெட்வொர்க். அக்கா எதையும் திறக்கவில்லை, சும்மாதான் இருந்தார். சிபியு 11 சதவீதம். மெமரி 86. டிஸ்க் என்ற கட்டம் மட்டும் நிறம் அடர்ந்து 100 சதவீதத்தில் நின்றது. ஒரு நிமிடம் பார்த்தோம், இரண்டு நிமிடம் பார்த்தோம், இறங்கவே இல்லை. லேப்டாப்பின் இடது மூலையில் காதை வைத்தால் கரகரவென்று சத்தம். "இவ்ளோ நாளா இது ஃபேன்னு நெனச்சேன்" என்றார் அக்கா.

அந்தச் சத்தம் ஹார்டு டிஸ்க், விண்டோஸும் நம் ஃபைல்களும் சேமித்திருக்கும் இடம். உள்ளே பளபளவென்று ஒரு தட்டு, நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் ஒரு சின்ன முள் அங்கும் இங்கும் ஓடி, கேட்ட இடத்தைத் தேடிப் படிக்க வேண்டும். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போய், தட்டு சுற்றி வரும் வரை காத்திருந்து படிக்க, நொடியில் நூறில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும். ஆக நொடிக்கு நூறு இடத்தைக்கூட எட்டிப் பிடிக்க முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போதோ ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கேட்கிறது. அதே நேரத்தில் ஆன்டிவைரஸ் கேட்கிறது, அப்டேட் கேட்கிறது, பிரவுசர் கேட்கிறது. பிராசஸர் என்ன செய்யும்? கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். அக்காவின் மெஷினில் சிபியு 11 சதவீதத்தில் நின்றதற்கு அதுதான் காரணம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ராம் என்பது திறந்திருக்கும் வேலைகளை மெஷின் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம். அது போதாமல் போனாலும் டிஸ்க்கில்தான் தெரியும். 4 ஜிபி ராம் நிரம்பிவிட்டால், விண்டோஸ் அதில் கொஞ்சத்தை எடுத்து ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்பப் படிக்கும். ஏற்கெனவே மூச்சு வாங்கும் டிஸ்க் மேல் இன்னொரு மூட்டை. அதனால் மெமரி, டிஸ்க் இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

சரி, காசு செலவழிக்கும் முன்பு செய்ய வேண்டியதைச் செய்தோம்.

டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சிபியுவை அழுத்தினால், கீழே அப் டைம் என்று ஒன்று இருக்கும். கடைசியாக முழுசாக எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு. அக்கா தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் படுப்பார். ஆனால் அதில் 23 நாள் என்று இருந்தது. நம்ப மாட்டேன் என்றார். காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உள் பகுதியை அப்படியே டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணையும், மறுநாள் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டு எழும். 23 நாளாகச் சேர்ந்த குழப்பமும் கூடவே எழும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரத்துக்கு ஒரு தடவை ரீஸ்டார்ட் கொடுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது.

அப்புறம் ஸ்டார்ட்அப் பகுதி. ஆன் செய்ததும் தானாக ஓட ஆரம்பிக்கும் புரோகிராம்களின் பட்டியல். அக்காவிடம் 14 இருந்தன. எப்போதோ ஒரு மீட்டிங்குக்குப் போட்ட வீடியோ கால் ஆப், இப்போது வீட்டில் இல்லாத பழைய பிரிண்டரின் சாஃப்ட்வேர், இரண்டு ஆன்டிவைரஸ். ஒவ்வொன்றாக ரைட் கிளிக் செய்து டிசேபிள். டிசேபிள் செய்தால் எதுவும் அழியாது, வேண்டும்போது நாமே திறந்துகொள்ளலாம். ஆன்டிவைரஸில் காலம் முடிந்துபோன இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்தோம். விண்டோஸ் 10-இலும் 11-இலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது, வீட்டு உபயோகத்துக்கு அது போதும். ஒரே மெஷினில் இரண்டு மூன்று காவலாளிகள் ஒவ்வொரு ஃபைலையும் மாற்றி மாற்றிச் சோதித்தால் வேலை எப்படி நகரும்?

சி டிரைவ் நிரம்பி வழிந்தாலும் விண்டோஸ் திணறும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். முதலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பாருங்கள், ஒரே பிடிஎஃப் நாலு தடவை இறங்கியிருக்கும். லேப்டாப்பை மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து வேலை செய்பவர்கள் அதைத் தவிருங்கள். அடியில் காற்றுப் போகும் வழி அடைபட்டால் சூடேறும், சூடேறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நமக்குக் கைவந்த சில பழக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ் என்று பத்துத் தடவை அழுத்துகிறோம். அது ஐகான்களைத் திரும்ப வரைந்து காட்டும், அவ்வளவுதான். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ரன் பெட்டியில் பிரீஃபெட்ச் என்று அடித்து உள்ளே இருப்பதை எல்லாம் அழிக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். நீங்கள் அடிக்கடி திறக்கும் புரோகிராம்களைச் சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. அழித்தால் அடுத்த தடவை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். தற்காலிக ஃபைல்கள் சேரும் டெம்ப் ஃபோல்டரில் இருப்பதை அழிப்பதில் தப்பில்லை, கொஞ்சம் இடம் கிடைக்கும், வேகம் கிடைக்காது.

வேகமாக்கித் தருகிறேன் என்று வரும் கிளீனர், பூஸ்டர், டிரைவர் அப்டேட்டர் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. முதலில் இலவசம் என்பார்கள், 1,200 கோளாறு கண்டுபிடித்தோம் என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்துவார்கள், சரிசெய்யப் பணம் கேட்பார்கள். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் சாஃப்ட்வேர்களைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. அதைவிட மோசம், திரையில் வைரஸ் என்று கத்திக்கொண்டே ஒரு போன் நம்பரைக் காட்டும் பக்கங்கள். அந்த நம்பருக்குக் கூப்பிட்டால் உங்கள் மெஷினையே அவன் கையில் கொடுத்த மாதிரி. மூலையில் அடிக்கடி வரும் வைரஸ் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை நீங்கள் எப்போதோ அலவ் கொடுத்த இணையதளம் அனுப்பும் நோட்டிஃபிகேஷன்தான். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அக்கா அந்த எச்சரிக்கைகளைப் பார்த்துப் பார்த்து வங்கி வேலையையே அந்த லேப்டாப்பில் நிறுத்தியிருந்தார். எத்தனை நாள் பயந்துகொண்டே டைப் அடித்திருப்பார்!

இவ்வளவும் செய்ததும் லேப்டாப் எழுந்திருக்கும் நேரம் ஆறு நிமிடத்திலிருந்து மூன்றரைக்கு வந்தது. போதாது. மிச்சம் முழுக்க அந்த ஹார்டு டிஸ்க்தான்.

அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது என்று முடிவு செய்தோம். அதில் சுற்றும் தட்டு இல்லை, ஓடும் முள் இல்லை, எல்லாம் சிப். பழைய டிஸ்க் தேடித் தேடி எடுக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை இது நொடிக்குப் பல்லாயிரம் எடுக்கும். 256 ஜிபி எஸ்எஸ்டி 1,850 ரூபாய், ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய 4 ஜிபி ராம் ஒன்று 900, மாட்டுவதற்கு 500. மொத்தம் 3,250. பழைய டிஸ்க்கில் இருந்த விண்டோஸை நகல் எடுக்காமல் புதிதாகவே போட்டோம். பட்டனை அழுத்தியதிலிருந்து வேர்டு திறக்கும் வரை அக்கா தன் போனில் நேரம் பார்த்தார். 31 நொடி. அக்கா எதுவும் பேசவில்லை. மறுபடி அணைத்து, மறுபடி ஆன் செய்து பார்த்தார்.

2025 கடைசியிலிருந்து ராம், எஸ்எஸ்டி விலை நன்றாக ஏறிவிட்டது. அந்த விலைக்கு இப்போது கிடைக்காது. ஆனாலும் புது லேப்டாப் விலையோடு வைத்துப் பார்த்தால் இது சின்னத் தொகைதான். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை முதலில் போடுங்கள், ராம் அப்புறம். விலை குறைந்த சில லேப்டாப்களில் 32 அல்லது 64 ஜிபி சேமிப்பை மெஷினின் முக்கியப் பலகையான மதர்போர்டிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள், அதைக் கழற்ற முடியாது. சிலவற்றில் ராமும் அப்படித்தான். மாடல் நம்பரைச் சொல்லி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி சொல்லப்போவது எனக்கு மனசு வலிக்கும் விஷயம். 2014-இல் என் வீட்டு டெஸ்க்டாப் மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாள் வாங்கப் போனபோது, "ஃபார்மேட் போட்டாச்சு சார், சூப்பரா ஓடும்" என்றார்கள். டி டிரைவும் காலி. மகள் பிறந்த முதல் வருடத்துப் படங்கள் அத்தனையும் அதில்தான் இருந்தன. முதன்முதலாக எழுந்து நின்ற வீடியோ, மொட்டை போட்ட அன்று என் அப்பாவின் மடியில் அவள் உட்கார்ந்திருந்த படம். அப்பா அதற்கடுத்த வருடம் போய்விட்டார். கேட்காமல் அழித்தது அவர்கள் தவறு. வேறு பிரதி எடுத்து வைக்காமல் கொடுத்தது என் தவறு. இரண்டையும் இன்று வரை மறக்கவில்லை.

அதனால் கடைக்குக் கொண்டுபோகும் முன், எந்த வேலையாக இருந்தாலும், படங்களையும் ஆவணங்களையும் வெளியே ஒரு டிஸ்க்கிலோ பெரிய பென் டிரைவிலோ எடுத்து வையுங்கள். எடுத்த பிறகு அதை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். நூறு சதவீதத்தில் நின்று கரகரக்கும் டிஸ்க் சாகும் தறுவாயிலும் இருக்கலாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவசப் புரோகிராம் இருக்கிறது, டிஸ்க் நலமா இல்லையா என்று நிறத்தில் காட்டிவிடும். மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் வேகத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம், அன்றைக்கே பிரதி எடுங்கள். கடையில், "என்னைக் கேட்காமல் ஃபார்மேட் போடக்கூடாது, பழைய டிஸ்க்கை என்னிடமே தர வேண்டும்" என்று சொல்லி, அதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எஸ்எஸ்டிக்குத் தனி பில் கேளுங்கள், நல்ல கம்பெனி என்றால் 3 வருடமோ 5 வருடமோ வாரண்டி வரும்.

விண்டோஸ் 10 பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அக்காவின் மெஷின் 6-ஆம் தலைமுறை, ஏறாது. நன்றாக ஓடும் மெஷின்களை இப்படி ஒரு தேதி போட்டு ஒதுக்குவது எனக்குச் சம்மதம் இல்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் ஒரு நீட்டிப்புத் திட்டத்தில் அக்காவைச் சேர்த்துவிட்டேன். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம். பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் ஓட்டிக் காட்டினேன். தமிழ்99 விசைப்பலகை அதிலும் இருக்கிறது. பிரவுசர் அதே பிரவுசர். வினாத்தாள் ஒன்றை, வேர்டு மாதிரி இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் அடித்துப் பார்த்தார், அட்டவணை மட்டும் கொஞ்சம் நகர்ந்து நின்றது. பழகிக்கொள்ளலாம் என்கிறார்.

எல்லா மெஷினையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. 2011 முதல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்கள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் ராம் 2 ஜிபிதான். அதில் விண்டோஸ் 10 ஏற்றிப் போராடாதீர்கள், பணமும் போடாதீர்கள். கனம் குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் பிள்ளைகள் டைப்பிங் பழகவும் பிடிஎஃப் படிக்கவும் ஆகும். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் ஆன் செய்யவே வேண்டாம், சார்ஜும் போடாதீர்கள்.

அக்கா குழுவில் கேட்டிருந்த கடனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த முறை பணம் இரண்டு வீடு தள்ளி இருப்பவருக்குத் தையல் மெஷின் வாங்கப் போனது. பழைய ஹார்டு டிஸ்க்கை ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி, அக்கா பீரோவில் வைத்திருக்கிறார்.