பஸ்தியானினியின் கடைசி வருடங்கள்

ஓபரா கேட்கும் நண்பர்கள் இத்தாலியப் பாடகர் எத்தோரே பஸ்தியானினி பற்றிப் பேச்செடுத்தால் 1955-லேயே நின்றுவிடுகிறார்கள். மிலானின் லா ஸ்கலா ஓபரா அரங்கில் விஸ்கோன்ட்டி இயக்கிய 'லா திராவியாத்தா' ஓபரா. மரியா காலாஸ் நாயகி, இவர் காதலனின் அப்பா ஜெர்மோன். கனமும் குழைவும் சேர்ந்த அந்தக் குரலுக்கு ஈடு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1962-க்குப் பிறகு பாடியதையெல்லாம் 'குரல் போயிடுச்சு' என்று ஒதுக்கித் தள்ளுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

1922-ல் இத்தாலியின் சியன்னாவில் பிறந்து, அப்பா இல்லாமல் வளர்ந்த ஏழைப் பையன். பேக்கரி வேலைக்குப் போன இடத்தில், முதலாளிதான் பாட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். 1945-ல் பாஸ், அதாவது ஆண் குரலில் மிகத் தாழ்ந்த வகைப் பாடகராக மேடையேறினார். வாய்ப்பும் வந்துகொண்டிருந்தது. அப்புறம், தன் குரலின் பலம் மேல் ஸ்தாயியில்தான் என்று புரிந்ததும் அதை விட்டுவிட்டு, 1952-ல் அதற்கு மேலே உள்ள நடுத்தரக் குரலான பாரிடோனாக முதலிலிருந்து ஆரம்பித்தார். அடுத்த வருடமே நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடை!

1962-ல் தொண்டையில் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்தால் பாட முடியாது என்று மறுத்து, கதிர்வீச்சு மட்டும் எடுத்துக்கொண்டார். கூடப் பாடியவர்களிடம்கூடச் சொல்லவில்லை. காரணம் தெரியாமலே விமர்சகர்கள் குறை எழுதினார்கள். அதற்கும் அவர் வாய் திறக்கவில்லை. 1963 ஜூலையில் சியன்னாவின் பேட்டைகள் மோதிக்கொள்ளும் பாலியோ குதிரைப் பந்தயத்தில் அவருடைய பந்தேரா பேட்டை ஜெயித்தது. அந்தப் பேட்டையின் பந்தயத் தலைவர் அவர்தான். அந்த வெற்றியை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

அதே வருடம் டோக்கியோவில் பாடிய 'இல் திரோவாத்தோரே' ஓபரா கறுப்பு வெள்ளைப் படமாகக் கிடைக்கிறது. அதில் வரும் 'இல் பாலென்' பாட்டை மட்டுமாவது கேளுங்கள். கொடூரமான பிரபு ஒருவன், காதலியின் புன்னகையை நினைத்து உருகும் இடம். மெதுவான நடை, குரல் உயரத்திலேயே நின்று, நீண்ட மூச்சில் இழைய வேண்டும். நல்ல தொண்டைக்கே கஷ்டம். பழைய பளபளப்பு குறைந்திருக்கிறதுதான். ஆனால் எங்கும் கத்திச் சமாளிக்கவில்லை, வரி அறுபடவில்லை. கதிர்வீச்சு பட்ட தொண்டையில் வரும் பாட்டு அது.

அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாரோ என்னவோ. அதற்காக அவர் முடிவை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாடாத பஸ்தியானினியாக வாழ அவருக்கு விருப்பமில்லை. 1965 டிசம்பரில் மெட்ரோபாலிட்டனில் 'தோன் கார்லோ' ஓபராவின் ரொத்ரிகோவாகக் கடைசியாகப் பாடினார். 1967 ஜனவரியில் இறந்தபோது வயது 44. அவரைப் பற்றி எழுதுபவர்கள் அந்த மூன்று வருடங்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.