12-ஆம் வசனம் தெரிந்தவர்களுக்கு 8-ஆம் வசனம் ஏன் தெரியவில்லை?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த ஆடியோவை இன்று காலை என் மகளின் தோழி எனக்கே அனுப்பி, "ஆன்ட்டி, இது உங்க சபைதானே?" என்று கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எதைச் சொல்கிறேன் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: நம் சபையில் ஒரு பெண் பிரசங்கம் செய்ததைக் கண்டித்து, சபைப் பெரியவர் ஒருவர், நாம் 'ஐயா' என்கிறவர், போட்ட ஆடியோ அது. கோலாலம்பூர் தமிழ்ச் சபைகளில் எந்தச் சேதிதான் வாசலைத் தாண்டாமல் நிற்கிறது?

போன ஞாயிறு அந்தத் தங்கச்சி தேவசெய்தி கொடுக்க எழுந்ததும் ஐயா எழுந்து வெளியே போனார். போகட்டும், கால் அவருடையது. பின்னாலேயே சில அண்ணன்மாரும் போய், கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, நாசி லெமாக் பொட்டலம் கொடுக்கிற நேரத்துக்குச் சரியாக உள்ளே வந்தார்கள். அதையும் விட்டுவிடுகிறேன். ஆனால் வீட்டுக்குப் போய் ஆற அமர உட்கார்ந்து, ஒரு பிள்ளையின் ஊழிய அழைப்பையே கேலி செய்து ஆடியோ போட்டு எல்லாக் குரூப்பிலும் சுற்றவிடுவது எந்த ஊர் பரிசுத்தம்?

அவள் வேலையை விட்டுவிட்டு சிரம்பானுக்குப் போய் இறையியல் படித்தவள். அன்றைக்கு, ஆபிரகாம் பிள்ளையோடு அனுப்பிவிட்ட அடிமைப்பெண் ஆகாரைப் பற்றிப் பேசினாள். மைக் போதகரின் உயரத்துக்கு நின்றது. இறக்கிவிட ஓர் ஆள் எழவில்லை. முதல் சில நிமிடங்கள் குதிகாலைத் தூக்கிக்கொண்டே பேசினாள், கையில் இருந்த தாள் ஆடியது. அப்புறம் தாளை மடித்து வேதத்துக்குள் வைத்துவிட்டாள். வனாந்தரத்தில் தண்ணீர் தீர்ந்துபோன தாயைப் பற்றி அவள் சொன்னபோது எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் சொன்னதில் எது தப்பு? ஆடியோவை முழுசாகக் கேட்டுவிட்டேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இருப்பதெல்லாம், உபதேசம்பண்ண ஸ்திரீக்கு உத்தரவு கொடுக்கிறதில்லை என்கிற 1 தீமோத்தேயு 2:12, திரும்பத் திரும்ப. சரி, நானும் அந்த வேதத்தைத்தான் வாசிக்கிறேன். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே போங்கள். 8-ஆம் வசனத்தில், புருஷர்கள் கோபமும் தர்க்கமுமில்லாமல் கைகளை உயர்த்தி ஜெபம்பண்ண வேண்டும் என்கிறார் பவுல். ஐயாவின் ஆடியோவில் கோபமில்லாத இடம் எது, தர்க்கமில்லாத இடம் எது என்று யாராவது காட்டினால் நன்றியுள்ளவளாக இருப்பேன். 9-ஆம் வசனம் பொன்னாலும் முத்தாலும் அலங்கரிக்க வேண்டாம் என்கிறது. நம் சபைக் கல்யாணத்துக்கு வந்து பாருங்கள், மஸ்ஜித் இந்தியா நகைக்கடையே நடந்து வருவதுபோல் இருக்கும். கேட்டால், அது தீமோத்தேயு இருந்த அந்தக் காலத்து எபேசு பட்டணத்துக்குச் சொன்னதாம். 12-ஆம் வசனம் மட்டும் நம் கோலாலம்பூர் செந்தூலுக்கும் சேர்த்துச் சொன்னதாம்.

"இயேசு பன்னிரண்டு ஆண்களைத்தானே தெரிந்துகொண்டார்?" என்று ஒரு தம்பி இப்போதே தட்டச்சு செய்துகொண்டிருப்பார். தம்பி, அந்தப் பன்னிரண்டு பேரும் யூதர்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் பாளையங்கோட்டையிலிருந்து கப்பலேறி வந்த நம் தாத்தாமார் வாரிசு ஒருவரும் பீடத்தில் ஏற முடியாது.

பாளையங்கோட்டை என்றதும் இன்னொன்று. "இதெல்லாம் நேற்று வந்த நாகரிகம்" என்கிறார் ஐயா. அங்கே 1785-இல் ஆலயம் கட்டியது யார்? குளோரிந்தா என்ற விதவை. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று ஊரே சொல்லும். 1887-இல் சிங்கப்பூரில் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர் மிஷனரி அம்மையார் சோபியா பிளாக்மோர். அமெரிக்க மெதடிஸ்ட் சபை பெண்களுக்கு முழு குருத்துவ உரிமை கொடுத்தது 1956-இல். தென்னிந்தியத் திருச்சபையில் புஷ்பலலிதா அம்மையார் பேராயரானது 2013-இல். இதில் எது நேற்று?

வெளியே போன அண்ணன்களில் ஒருவர் பாடல் குழுவில் இருக்கிறார். சாராள் நவரோஜி அம்மா பாட்டைக் கண்ணை மூடி, கையை உயர்த்தி, உருகிப் பாடுவார். அந்தம்மா பாட்டு மட்டுமா எழுதினார்? சுவிசேஷகியாக நின்று பிரசங்கித்தவர். ராகத்தோடு வந்தால் ஆராதனை, ராகமில்லாமல் வந்தால் அத்துமீறலா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து பிரசங்கியார் வந்தால் தமிழில் மொழிபெயர்க்க என்னைத்தான் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துகிறீர்கள். "மனந்திரும்புங்கள்" என்று என் வாயால் அதட்டியிருக்கிறேன். ஐயா உள்பட எல்லோரும் தலை குனிந்து கேட்டீர்கள். பக்கத்தில் ஒரு ஆண் வாயசைத்தால் என் குரல் பரிசுத்தமாகிவிடுகிறது போலும்.

என் பாட்டி சுங்கை பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். அங்கே போதகர் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் லயத்து வீட்டுத் திண்ணையில் பாட்டிதான் வேதம் வாசித்து விளக்கம் சொல்வார். கங்காணி வீட்டு ஆண்களும் சாக்கு விரித்து உட்கார்ந்து கேட்பார்களாம். எத்தனை தடவை கழுவினாலும் ரப்பர் பால் வாடை போகாத கைகள் அவை. அந்தக் கையைத் தலையில் வைத்து ஜெபிக்கச் சொல்லிக் குடிகாரர்கள் வந்து நின்றிருக்கிறார்கள். அப்புறம் தகரக் கூரை போட்டு ஒரு சின்ன ஆலயம் கட்டினார்கள். கமிட்டி வந்தது. பாட்டிக்குப் பூ ஜாடி மாற்றுகிற வேலை கொடுத்தார்கள். திருவிருந்துக் கிண்ணம் கழுவுகிற வேலையும். திண்ணையில் தேவைப்பட்ட வாய் கட்டடத்தில் தேவைப்படவில்லை. பாட்டி ஒன்றும் சொல்லாமல் கழுவினார். அதைப் பொறுமை என்று பாராட்டியே வளர்த்தார்கள் எங்களை. எனக்கு இப்போது அது பொறுமையாகத் தெரியவில்லை.

"குடும்ப விஷயத்தை முகநூலில் போடலாமா அக்கா?" என்று உள்பெட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆடியோ போட்டவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அவர் பெரியவர். நான் வாயாடி.

இந்த நாட்டின் தலைமை நீதிபதியாக 2019-இல் ஒரு பெண் வந்தார். அவர் உள்ளே நுழைந்தபோது வழக்கறிஞர்கள் எழுந்து நின்றார்கள், வெளியே ஓடவில்லை. நம் ஐயாவும் ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் சொன்ன மாத்திரையைத்தான் வேளை தவறாமல் விழுங்குகிறார்.

நான் பெண்ணுரிமைக் கொடி பிடிக்கவில்லை. உதட்டுச் சாயம் பூசவுமில்லை, பூசினாலும் அது வேறு விஷயம். கேட்பது ஒன்றே. அவள் சொன்னதில் எது தப்பு? வசனத்தோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்வாள். படித்த பிள்ளை, உங்களைவிட நன்றாகக் கேட்டுக்கொள்வாள். பதில் சொல்ல முடியாதபோதுதான் பாவாடையைப் பற்றிப் பேச்சு வருகிறது.

அப்புறம், கமிட்டியாருக்கு ஒரு விஷயம். அறுப்பின் பண்டிகைச் சாப்பாட்டுப் பட்டியலில் வழக்கம்போல் என் பெயரை முதலில் போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். பெண்கள் ஐக்கியத்தில் இன்னும் சிலரும் பெயரை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் உங்களிடம் தனியாகச் சொல்வார்கள். பெரிய சட்டி ஸ்டோர் ரூமில் மேல் தட்டில் இருக்கிறது. அதன் அடியில் லேசாகப் பிடிக்கும், அதனால் தீயைக் குறைத்து வையுங்கள். அரிசி எவ்வளவு போடுவது என்று ஐயாவிடம் கேளுங்கள்.