"டிசிசிக்குத் தயார்": யார் தயார்?

மாதிரி ரயில் எஞ்சின் வரும் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் "டிசிசிக்குத் தயார்" என்று அச்சடித்தவர் ஒருநாள் என்னிடம் சிக்கட்டும். டிசிசி என்றால் தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வொரு எஞ்சினையும் தனித்தனியாக ஓட்டும் முறை. அதற்குத் தயாராம்! அந்தச் சொல்லுக்கு உண்மையான பொருள் இவ்வளவுதான்: உள்ளே ஒரு சாக்கெட் இருக்கிறது, அந்தக் கட்டளையைப் புரிந்துகொண்டு மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் டிகோடர் என்ற சிறு மின்பலகை இல்லை, போய் நீயே தேடிக்கொள். என்ன சாக்கெட் என்று கேட்டால் பெட்டி வாய் திறக்காது. எஞ்சினின் மேல்கூட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றும்போது கிளிப் ஒன்று உடையும். அது கணக்கிலேயே வராது.

உள்ளே இருப்பது 8 பின்னா, 21 பின்னா, ப்ளக்ஸ் 16-ஆ, ப்ளக்ஸ் 22-ஆ? 1:160 அளவு எஞ்சின் என்றால் 6 பின்னா, நெக்ஸ்ட்18-ஆ? ஒரு மோட்டாரையும் நாலைந்து விளக்குகளையும் இயக்க இத்தனை குலம், இத்தனை கோத்திரம்! பழைய 8 பின்னை நான் குறை சொல்ல மாட்டேன். திருப்பிச் செருகிவிட்டால்கூடப் பெரும்பாலும் விளக்கு எரியாது, வண்டி எதிர்த்திசையில் போகும், எடுத்துத் திருப்பிச் செருகினால் சரியாகிவிடும். ஏழைகளின் நண்பன்.

என் வயிற்றெரிச்சல் 21 பின்னைப் பற்றியது. தவறான பக்கமாகச் செருகிவிடக் கூடாது என்று 11-ஆம் பின்னையே எடுத்துவிட்டார்கள். எவ்வளவு அக்கறை! நானும் நம்பினேன். அளவு பொருந்தியது, 20 பின்னும் அழகாக உட்கார்ந்தன. எஞ்சின் வெண்ணெய் போல ஓடியது. முன்விளக்கு எரிந்தது. பின்புறச் சிவப்பு விளக்கு மட்டும் எரியவே இல்லை.

மூன்று இரவுகள். பூதக்கண்ணாடியும் மல்டிமீட்டருமாக உட்கார்ந்திருந்தேன். செயல்பாட்டு எண்களை மாற்றிப் பார்த்தேன். டிகோடரின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் 'சிவி' என்ற அறைகளில், சிவி 8-இல் 8 என்று எழுதி டிகோடரைப் பிறந்த நிலைக்கே கொண்டுபோனேன். எஞ்சினை அழைக்கும் முகவரி எண் பழையபடி 3-க்குத் திரும்பியதுதான் மிச்சம். பிறகு உண்மை தெரிந்தது. 21 பின்னிலேயே இரண்டு சாதி இருக்கின்றன. மூன்றாம், நான்காம் துணை இணைப்புகளில் ஒரு வகை டிகோடர் வெறும் சைகை மின்னழுத்தத்தை மட்டும் தரும். விளக்கை எரியவைக்கும் டிரான்சிஸ்டர் எஞ்சினின் பலகையில் இருக்க வேண்டும். இன்னொரு வகை, விளக்கை நேரடியாக எரிக்கும் அளவுக்குப் பெருக்கப்பட்ட இணைப்பைத் தரும். என் எஞ்சினின் பலகை அந்தச் சிறு சைகைக்காகக் காத்துக்கிடந்தது. நான் வாங்கியதோ பெருக்கப்பட்ட வகை. பெருக்கியது என்றால் உசத்தி என்று நினைத்துத்தான் வாங்கினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க. வெளித்தோற்றம் ஒன்று, சாக்கெட் ஒன்று, பெட்டிகூட ஒன்று. வேறுபாடு பொருள் எண்ணின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் எழுத்தில். சில டிகோடர்களில் ஒரு சிவியை மாற்றினால் இரண்டு விதமாகவும் நடந்துகொள்ளும். என்னுடையது அந்தப் புண்ணியம் செய்யவில்லை.

ஆத்திரம் எங்கே வருகிறது தெரியுமா? டிசிசி பிறந்ததே இந்தக் குழப்பத்தை ஒழிக்கத்தான். ஜெர்மனியின் பேர்ண்ட் லென்ஸ் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, 1990-களில் அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் தரநிலை வகுத்தது. யாருடைய கட்டுப்பாட்டுக் கருவியும் யாருடைய டிகோடரையும் ஓட்ட வேண்டும் என்றது. ஓட்டவும் செய்கிறது, மறுக்கவில்லை. தண்டவாளத்தில் போகும் சமிக்ஞையில் 'ஒன்று' என்ற பிட்டின் ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி என்று உலகமே ஒத்துக்கொண்டிருக்கிறது. மைக்ரோ விநாடியில் ஒத்துப்போனவர்களுக்கு, ஒரு பின்னில் என்ன வரும் என்பதில் ஒத்துப்போக முடியவில்லை! தண்டவாளத்தில் சமாதானம், வண்டிக்குள் குடுமிப்பிடி.

பழைய எஞ்சின் வைத்திருப்பவர்களின் கதை இதைவிட மோசம். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ்களில் ஒன்று, தண்டவாள மின்சாரம் ஓடும் அடிச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடரை இணைத்தால் ஒரே நொடியில் கருகல் வாடை. சக்கரம் சிக்கி நின்றால் மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று அளந்து வாங்கு என்பார்கள். டிகோடரின் அட்டையிலோ 'தொடர்ச்சியாக' ஒரு எண், 'உச்சமாக' ஓர் எண். பெரியதாக எது இருக்கிறதோ அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஒலி டிகோடர் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். ஒலிபெருக்கி 4 ஓமா 8 ஓமா, அதை எங்கே வைப்பது, டீசல் எஞ்சினுக்குள் நீராவி எஞ்சினின் பெருமூச்சை ஏற்றி விற்றது யார்? போதும்.

சிவி 29 என்று ஒன்று இருக்கிறது. நீண்ட முகவரிக்கு 32, டிசிசி இல்லாத பழைய அனலாக் ஓட்டத்துக்கு 4, 28 வேகப் படிகளுக்கு 2. மூன்றையும் கூட்டி 38 என்று எழுத வேண்டும். பொழுதுபோக்குக்கு வந்தவனை உட்காரவைத்து வீட்டுப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டலைக்கூட மன்னித்துவிடுவேன், விடையாவது சரியாக வருகிறது.

சிவப்பு விளக்கு இன்றுவரை எரியவில்லை. சரியான எழுத்துள்ள டிகோடரை இன்னொரு முறை காசு கொடுத்து வாங்க மனம் வரவில்லை. அந்த எஞ்சினுக்குப் பின்னால் எப்போதும் நாலு பெட்டிகளைக் கோத்தே ஓட்டுகிறேன். யாராவது கேட்டால், பெட்டி கோத்த எஞ்சினின் பின்புறம் சிவப்பு விளக்கு எரியக் கூடாது, ரயிலின் கடைசியில்தான் எரிய வேண்டும் என்று மிடுக்காகச் சொல்லிவிடுகிறேன்.