கட்டுச்சோற்றைத் தட்டிவிடாதீர்கள்

அந்த ட்ரோன் வீடியோவை இங்கே பகிரப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்காதவர்கள் என் நட்பு வட்டத்தில் இருக்க வாய்ப்பில்லை. பழவேற்காடு ஏரி நடுவில் ஒரு மணல்திட்டு. அதன்மேல் கூட்டம் கூட்டமாக உள்ளான்கள், சேற்றில் மேயும் சின்னப் பறவைகள். ட்ரோன் தாழ்ந்து வர வர அத்தனையும் புகைபோல எழுகின்றன. பின்னணியில் வயலின். 'இயற்கையின் நடனம்' என்று தலைப்பு வேறு. நடனமில்லை சார், உயிருக்குப் பயந்து ஓடுகின்றன.

இது பங்குனிக் கடைசி. குளிர்காலம் முழுக்க நம் சேற்றில் மேய்ந்த பறவைகள் வடக்கே கிளம்புகிற நேரம். அந்த வீடியோவில் இருக்கும் வளைந்த மூக்குக்காரர், கர்லியூ சேண்ட்பைப்பர் என்கிற உள்ளான், கூடு கட்டுவது சைபீரியாவின் வடகோடியில். எடை ஒரு கோழிமுட்டை அளவு. அந்த உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொண்டுதான் அவ்வளவு தூரம் போகவேண்டும். இப்போது அது தின்கிற ஒவ்வொரு புழுவும் கட்டுச்சோறு. கூட்டத்தைக் கிளப்பிவிடுவது, பயணம் புறப்படுகிறவன் கையிலிருக்கும் கட்டுச்சோற்றைத் தட்டிவிடுவது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

"அரை நிமிஷம் பறந்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்கிறார்கள். உங்களுக்கு அரை நிமிஷம். காலையில் நீங்கள், பத்து மணிக்கு இன்னொருவர், சாயங்காலம் கல்யாண போட்டோஷூட் கோஷ்டி. ஒவ்வொரு தடவை எழும்போதும் சேர்த்துவைத்த கொழுப்புதான் எரிகிறது. கட்டுச்சோறு, கட்டுச்சோறு. புரிகிறதா?

அடுத்த மேதை கேட்டது: "ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டே விடுகிறார்கள், அதற்கு ஓடாத பறவை ட்ரோனுக்கா ஓடும்?" இதற்கு நூற்றுச் சொச்சம் சிரிப்பு எமோஜி. ராக்கெட் வருஷத்துக்குச் சில தடவை கிளம்பும், மேலே போய்விடும். ட்ரோன் தலைக்கு மேல் வந்து நிற்கும், தாழும். இங்கே அப்படிச் சேற்றுக்கு மேல் தாழ்ந்து வருவது பூனைப்பருந்து. உள்ளானுக்கு அது தெரியும், உங்களுக்குத்தான் தெரியவில்லை. அதோடு, ராக்கெட் தளத்துக்குப் பக்கத்தில் ட்ரோன் விட்டதைப் பெருமையாக ஊருக்கே காட்டுகிற தைரியத்துக்குத் தனியாக ஒரு சல்யூட்.

மீன்பிடிப் படகுக்குப் பறக்கவில்லையா என்றால், பறக்கின்றன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பிழைப்பு.

நான் மட்டும் யோக்கியமா? இல்லை. அம்மா பிறந்தது இந்த ஏரிக்குள் ஆந்திரப் பக்கம் இருக்கிற இரக்கம் தீவு. பள்ளி விடுமுறைக்கு பீமுலவாரிபாளையம் துறையில் படகேறிப் போவோம். ஏழாவது படிக்கும்போது பூநாரைகளின் சிவப்பு இறக்கை தெரியவேண்டும் என்பதற்காகப் படகில் எழுந்து நின்று கைதட்டினேன். எல்லாம் எழுந்தன, வானம் சிவந்தது. மாமா என்னைத் திட்டவில்லை. மோட்டாரை அணைத்துவிட்டுக் கழியை எடுத்தார். அவை திரும்பி இறங்கும்வரை படகை நகர்த்தவே இல்லை. வெயிலில் முக்கால் மணி நேரம். அதற்கப்புறம் நான் கைதட்டியதில்லை.

அதே மாமாவின் படகில்தான் போன வருஷம் அந்தத் திட்டுக்கு எட்டவே நின்று பைனாகுலரில் பார்த்தேன். பாதி நிறம் மாறிய ஒரு உள்ளான். சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிகிற பழைய சுவர் மாதிரி வெள்ளை மார்பில் அங்கங்கே செம்மை. மூக்கைச் சேற்றில் முழுசாக இறக்கியது, இழுத்தது, விழுங்கியது, மறுபடி இறக்கியது. தலை தூக்கிப் பார்க்கக்கூட அதற்கு நேரமில்லை.

அந்த இடத்தை, இப்போது வீடியோ எடுத்துப் போட்ட சிநேகிதருக்குச் சொன்னது நான்தான். படகு பிடித்துக் கொடுத்ததும் நான்தான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அவரோ வீடியோவுக்குக் கீழே, "உள்ளூர் மீனவர்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை" என்று எழுதியிருக்கிறார். 1976-ல் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே இந்த ஏரியில் பறவைகளோடு இருந்தவர்கள் இவர்கள். யார் எந்த நாளில் எந்த இடத்தில் இறால் வலை கட்டலாம் என்று பாடு, அதாவது முறை, வைத்துப் பிழைக்கிற ஊர்கள். முறை இல்லாதவன் பசித்தாலும் அடுத்தவன் பாட்டில் வலை இறக்கக் கூடாது. பறவைக்கும் பங்குனி, சித்திரையில் ஒரு பாடு விடுங்கள் என்று இவர்களிடம் சொன்னால் உடனே புரியும். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அவர்களுக்கு யார் வந்து விழிப்புணர்வு முகாம் நடத்தினார்கள்? லட்ச ரூபாய் லென்ஸ் வாங்கினால் விழிப்புணர்வு இலவச இணைப்பாக வரும் போலிருக்கிறது.

   

வீடியோவை மாமாவிடம் காட்டினேன். "ஏம்மா, உன் சிநேகிதர் பறவை பார்க்க வந்தாரா, விரட்ட வந்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

நேற்று மறுபடி போன் செய்தார். வீடியோ பார்த்துவிட்டு ஒரு வேன் ஆட்கள் வரும் ஞாயிறு வருகிறார்களாம், அதே திட்டுக்குப் போகவேண்டுமாம், கேட்டதைவிட அதிகமாகவே தருகிறார்களாம். கூட்டிப்போகட்டுமா என்று கேட்கிறார். அவருடைய டீசல் கடன் எனக்குத் தெரியும். "உங்க இஷ்டம் மாமா" என்றேன்.